தோற்ற வைஸ் பிரசிடெண்டின் வீட்டுக்காரன்

படிக்கிறவர்கள் முதலில் என்னை மன்னிக்க வேண்டும். நான் பத்தாம் வகுப்பு வரைதான் படித்தவன். சாலைக் கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடையில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறேன். என் எழுத்தெல்லாம் கோடவுனுக்கு அனுப்பும் சீட்டில்தான். இட்லிக் கொப்பரை இரண்டு, எவர்சில்வர் குடம் பெரியது ஆறு என்று எழுதி அடியில் ஒரு கோடு போடுவேன். அதற்கு மேல் எழுதிப் பழக்கமில்லை. நாலு பேர் நடுவில் பேசவும் எனக்கு வராது. பேச வேண்டிய இடத்தில் பேசாமல் இருந்ததால் வந்த காரியத்தைத்தான் இங்கே எழுதப் போகிறேன். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை என்ற தைரியம்தான்.

எங்கள் தெரு கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்து நிமிட நடை. நாற்பத்தெட்டு வீடுகள். பாதிக்குமேல் மலையாளிகள். மீதி எங்களைப்போல நாஞ்சில்நாட்டிலிருந்து வந்து தங்கிவிட்டவர்கள், திருநெல்வேலிக் கடைக்காரர்கள். தெருவுக்கு ஒரு ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன் உண்டு. வீட்டுக்கு ஒரு ஓட்டு. பிரசிடெண்டும் வைஸ் பிரசிடெண்டும் தனித்தனியாக நிற்க முடியாது, ஜோடியாகத்தான் நிற்க வேண்டும். ஒரு காலத்தில் இரண்டு பேரும் எதிரெதிர் ஆட்களாக இருந்து, ஒருவர் போட்ட கையெழுத்துக்கு மற்றவர் கையெழுத்துப் போடாமல் ஒரு வருடம் முழுக்கத் தெருவிளக்கு எரியவில்லையாம். அதற்குப் பிறகு வந்த சட்டம் இது. ஒரே சீட்டில் இரண்டு பெயர், ஒரே முத்திரை.

என் மனைவி தையல்காரி. வீட்டு முன்னறையில் ஒரு கால் மிஷின், ஒரு கட்டிங் மேஜை, ஒரு மர அலமாரி. அலமாரியின் கீழ்த்தட்டில் அளவு ஜாக்கெட்டுகள் இருக்கும். நன்றாகப் பொருந்துகிற ஒரு ஜாக்கெட்டைத் தையல்காரியிடமே கொடுத்து வைத்துவிடுவது எங்கள் தெருப் பெண்களின் வழக்கம். துணி மட்டும் கொண்டுவந்தால் போதும், அளவு ஏற்கெனவே இங்கே இருக்கிறது. ஒவ்வொன்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, வீட்டு எண் எழுதிய சீட்டைக் குத்தி வைத்திருப்பாள். முப்பதுக்கு மேல் கவர் இருந்தது. சிலது பத்து வருடமாக அங்கேயே இருப்பவை. அளவு ஜாக்கெட்டை ஒருத்தி திருப்பிக் கேட்டால் இனி உன்னிடம் துணி தரமாட்டேன் என்று அர்த்தம். யாரும் அதை வாயால் சொல்வதில்லை.

அவளைத் தேர்தலில் நிற்கச் சொன்னவர் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் ஓய்வு பெற்ற இன்ஜினியர் சார். மலையாளி. நல்ல மனுஷன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து, மிஷினுக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"மோளே, நான் பிரசிடெண்டுக்கு நிக்கிறேன். நீ வைஸ் பிரசிடெண்டா கூட நிக்கணும்."

"ஐயோ சார், எனக்குப் பிரசங்கம் எல்லாம் பண்ண வராது."

"பிரசங்கம் நான் பண்ணிக்கொள்ளாம். நீ சும்மா நின்னா மதி, அது போதும். நீ நின்னா தமிழ் வீடு முழுசும் நம்ம கூட அல்லே?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். எங்கள் வீடு தெருவிலேயே தாழ்வான இடத்தில் இருக்கிறது. மழைக்காலத்தில் ஓடை நிறைந்து முன்னறைக்குள் தண்ணீர் வந்துவிடும். வருடா வருடம் மிஷினின் கால்களுக்கு அடியில் செங்கல் வைப்போம். அவள் அந்தச் செங்கல்களைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ஓடையைத் தூர் வாருவீங்களா சார்?"

"முதல் காரியம் அதுதான்."

"அப்போ நிக்கேன்."

இப்படித்தான் என் மனைவி ஸ்தானார்த்தி ஆனாள். இந்த ஊரில் வேட்பாளரை அப்படித்தான் சொல்வோம். இரண்டு வாரம் வீடு வீடாகப் போனாள். ஓட்டு கேட்கத் தெரியாது, போன இடத்தில் எல்லாம் ஓடையைப் பற்றி மட்டும் பேசினாள். எதிர்த்து நின்றவர்கள் அப்போதைய பிரசிடெண்டும், அவரோடு ஓய்வு பெற்ற ஒரு பள்ளி ஆசிரியையும். இரண்டு பக்கமும் சரிசமம் என்றுதான் டீக்கடையில் பேச்சு.

தேர்தல் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின புதன்கிழமை எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இறந்துபோனார். என் மனைவிக்குத் தூரத்து மாமா முறை. அவர்கள் பெரிய குடும்பம். அண்ணன் தம்பி, சித்தப்பா மக்கள் என்று பங்காளிகள் மட்டும் எங்கள் தெருவில் ஆறு வீடு. ஆறு வீட்டுப் பெண்களுக்கும் இவள்தான் தைக்கிறாள். ஆறும் இவளுக்கு உறுதியான ஓட்டு. ஆனால் பதினாறாம் நாள் காரியமான அடியந்திரம் முடியும்வரை அவர்களுக்குத் தீட்டு. அசோசியேஷனுக்கென்று கட்டடம் கிடையாது. தேர்தல் நடப்பது தெருப் பிள்ளையார் கோயிலின் மண்டபத்தில். தீட்டுக்காரர்கள் கோயில் காம்பவுண்டுக்குள் கால் வைக்க மாட்டார்கள்.

இறந்த அன்றே என் மனைவி போய் அந்த வீட்டுப் பெண்களோடு சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தாள். ஓட்டு என்ற சொல்லே அவள் வாயில் வரவில்லை. வெள்ளிக்கிழமை வரணாதிகாரியைப் போய்ப் பார்த்தாள். தேர்தலை நடத்துகிறவருக்கு இங்கே அந்தப் பெயர். பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், சட்டத்துக்கு மேல் சட்டம் பேசுகிறவர். எப்படியோ அவரைச் சம்மதிக்க வைத்தாள். பகல் பதினொரு மணிக்கு ஓட்டுப் பெட்டியைக் கோயில் வாசலுக்கு வெளியே, ரோட்டுக்குக் கொண்டுவந்து பத்து நிமிடம் வைப்பார். அந்த ஆறு வீட்டுக்காரர்களும் வெளியே நின்றபடியே போட்டுவிட்டுப் போகலாம்.

சனிக்கிழமை சாயங்காலம் நான் கடையிலிருந்து வந்ததும் சொன்னாள்.

"நீங்க சாவு வீட்டுல துட்டி கேக்க இன்னும் போகல்லியே. இப்போ போயிட்டு வாங்கோ. மூத்த மகன் கிட்ட தனியா ஒரு வார்த்தை சொல்லிடுங்கோ, மத்த அஞ்சு வீட்டுக்கும் அவரே சொல்லிருவாரு. பதினொரு மணிக்குப் பெட்டி வெளிய வரும், இஷ்டம்னா வரட்டும், இல்லேன்னா வேண்டாம்."

"போன்ல சொன்னா என்ன?"

"சாவு வீட்டுக்கு போன் பண்ணி ஓட்டு விஷயம் பேசுவாங்களா யாராவது? நான் போனாலும் ஓட்டு கேக்க வந்தாள்னு சொல்லுவாங்க. ஆம்பிளைக்கு ஆம்பிளை மெதுவா சொன்னா ஒண்ணும் தோணாது."

போனேன். இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். யாரிடமாவது ஏதாவது கேட்கவோ சொல்லவோ வேண்டியிருந்தால், போன உடனே எனக்கு வாய் வராது. உட்கார்ந்து, கொடுத்ததைக் குடித்து, எழுந்து, வாசலில் ஒரு காலைச் செருப்பில் நுழைத்த பிறகுதான் வரும். "அப்புறம், ஒரு விஷயம்..." என்று ஆரம்பிப்பேன். முதலாளியிடம் லீவு கேட்டதெல்லாம் அப்படித்தான். பெண் பார்க்கப் போன அன்றும் சம்மதம் என்று சொன்னது வாசலில் செருப்பு மாட்டும்போதுதான். அதனால் அன்றும் போகும் வழியில், கிளம்பும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று வாக்கியத்தை மனதில் அடுக்கிவைத்திருந்தேன்.

முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மூத்த மகன் எனக்கு எதிரில் உட்கார்ந்தார். மொட்டையடித்த தலை. என்ன வயது, எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார் என்று கேட்டேன். சொன்னார். உள்ளே ஒரு பெண் திடீரென்று அழுதுவிட்டு நிறுத்தினாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கால் மணி நேரம் ஆகியிருக்கும். நான் எழுந்தேன்.

எழுந்த பிறகுதான் நினைவு வந்தது. எங்கள் பக்கத்தில் துட்டி வீட்டிலிருந்து கிளம்பும்போது யாரும் விடை பெறுவதில்லை. வருகிறேன் என்று சொல்லக் கூடாது. சொன்னால் மறுபடியும் இதே மாதிரி ஒரு காரியத்துக்கு வருகிறேன் என்று ஆகிவிடும். சும்மா எழுந்து, திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். வீட்டுக்காரர்களும் வழியனுப்ப வர மாட்டார்கள். அவர் நாற்காலியிலேயே இருந்தார், தலையைக் குனிந்துகொண்டார். என் வாக்கியத்தைச் சொல்ல இருந்த இடமே அங்கே இல்லாமல் போய்விட்டது. செருப்பை மாட்டினேன், வந்துவிட்டேன்.

வீட்டில் அவள் மிஷினில் இருந்தாள்.

"சொன்னியளா?"

"ம்" என்றேன்.

அந்த ஒரு எழுத்தை இன்றுவரை என்னால் முழுங்க முடியவில்லை. துட்டி கேட்டேன் என்பதற்குத்தான் அந்த "ம்" என்று எனக்கு நானே அன்று ராத்திரி சொல்லிக்கொண்டேன். காலையில் ஒரு எட்டு போய்ச் சொல்லிவிடலாம் என்றும் நினைத்தேன்.

காலையில் இன்ஜினியர் சார் என்னை மண்டபத்தில் நாற்காலி போட நிறுத்திவிட்டார். நேரம் போய்விட்டது. பதினொன்று அடித்ததும் வரணாதிகாரி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். பெட்டி என்றால் பெரிய பிஸ்கட் டின், மூடியில் ஒரு கீறல். தூறிக்கொண்டிருந்தது. நான் குடை பிடித்தேன். அவர் டின்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ரோட்டில் நின்றார். என் மனைவி பட்டுப் புடவையில், நனைந்தபடி, தெரு முனையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மண்டபத்துக்குள் இருந்தவர்கள் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டார்கள். பிஸ்கட் டின் ஊர்வலம் பார்க்கிற மாதிரி.

"இப்போ வருவாங்க சார்" என்றாள்.

"பத்து மினிட்டு. அதுக்கு மேல சட்டம் இல்ல" என்றார் அவர்.

அந்த வீடு அங்கிருந்து இரண்டு நிமிடம். ஓடினால் ஒரு நிமிடம். நான் ஓடியிருக்கலாம். ஓடினால் ஏன் ஓடுகிறான் என்று கேட்பார்கள். நேற்றுச் சொல்லவில்லை என்று அத்தனை பேர் முன்னால், அவள் முன்னால் சொல்ல வேண்டிவரும். என் கை குடையைப் பிடித்துக்கொண்டிருந்தது. கால் நகரவில்லை. பத்து நிமிடத்துக்கும் நான் குடையின் கம்பிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். எட்டு கம்பி. மறுபடியும் எட்டு கம்பி.

பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள், "சொந்தக்காரங்களே வரல்ல பாத்தீங்களா." இன்னொரு குரல், "வரவா செய்வாங்க? சாவு வீட்டு ஓட்டுக்கு அலையுறது நியாயமா?" இரண்டையும் அவள் கேட்டாள். திரும்பவில்லை.

சாயங்காலம் எண்ணினார்கள். அவர்களுக்கு இருபத்திரண்டு, எங்களுக்குப் பதினெட்டு. நாலு ஓட்டு. ஆறு வீடு வந்திருந்தால் ஜெயித்திருப்போம் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரிந்த கணக்கு.

அன்றிலிருந்து தெருவில் நடந்த பேச்சைத்தான் நான் சொல்ல வேண்டும். தோற்றது இரண்டு பேர். ஆனால் இன்ஜினியர் சாரைப் பற்றி எல்லோரும் சொன்னது "பாவம் சார்" என்பது மட்டும்தான். சார் தோற்கடிக்கப்பட்டவர், இவள் தோற்கடித்தவள். ஒரே சீட்டில் ஒரே முத்திரைதான் விழுந்தது. அது எப்படி இரண்டாகப் பிரிந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. சார் நேரில் ஒன்றும் சொல்லவில்லை. வழியில் பார்த்தால் சிரிப்பார், ஆனால் நிற்க மாட்டார். யாரிடமோ சொன்னாராம், "தமிழ் வீட்டு வோட்டு முழுசும் கிட்டும்னு நினைச்சேன். கிட்டல்ல. அவ்வளவே உள்ளூ." இது என் காதுக்கு மூன்று பேர் மூலம் வந்தது.

அசோசியேஷன் வாட்ஸப் குரூப்பில் முதல் நாள் வாழ்த்தும் கைகூப்பும் படங்களும். இரண்டாம் நாள் ஒருவர் போட்டார்: "சொந்த வீட்டுக்காரர்களைக் கூட்டி வர முடியாதவர்கள் தெருவை எப்படி நடத்துவார்கள்?" பெயர் போடவில்லை. அதற்குக் கீழே பதினொரு கட்டைவிரல். நான் கோடவுனில் அண்டாக்களுக்கு நடுவில் நின்று அந்தக் கட்டைவிரல்கள் யார் யாருடையவை என்று பார்த்தேன். எட்டு பேர் என் மனைவியிடம் ஜாக்கெட் தைத்துக்கொள்கிற வீட்டுக்காரர்கள்.

டீக்கடையில் எனக்கு ஒரு பெயர் விழுந்துவிட்டது. கடைக்காரர் என்னைப் பார்த்ததும் உள்ளே குரல் கொடுப்பார்.

"வைஸ் பிரசிடெண்டோட ஹஸ்பெண்ட் வந்தாச்சு. ஒரு சாயா, பஞ்சாரை குறைச்சு."

எங்கள் ஊர்க்காரர் ஒருவர் ஆட்டோ ஓட்டுகிறார். அவர் பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுப்பார்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேட்டா கோவிக்கப்படாது. அந்த ஆறு வீட்டுக்காரங்களுக்கும் மைனிக்கும் என்ன சண்டை?"

"சண்டை ஒண்ணும் இல்ல."

"சண்டை இல்லாமலா ஆறு வீடும் வரல்ல? ஜாக்கெட்ட இறுக்கமா தச்சுட்டாங்களோ?"

எல்லோரும் சிரித்தார்கள். டீக்கடைக்காரர் வடையைத் திருப்பிக்கொண்டே சொன்னார், "அதொண்ணும் அல்ல. செத்த வீட்டுக்கு ஆளை அனுப்பி ஓட்டு கேட்டாங்களாம். அவங்களுக்கு தேஷ்யம், கோவம் வந்துபோச்சு. எனக்கு அப்படியாக்கும் கேட்டது."

"ஆளா? யாரு போனது?"

"அது தெரியாது."

அப்போது சொல்லியிருக்கலாம். நான்தான் போனேன், நான் கேட்கவே இல்லை என்று. டம்ளர் சூடாக இருந்தது. ஊதிக் குடித்தேன். ஒரு பக்கம் அவள் சாவு வீட்டில் ஓட்டு கேட்டாள் என்கிறார்கள், இன்னொரு பக்கம் சொந்தக்காரர்களைக் கேட்கக்கூடத் தெரியாதவள் என்கிறார்கள். ஒரே ஆள் காலையில் இதையும் சாயங்காலம் அதையும் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். இரண்டில் எதை மறுத்தாலும் மற்றது உண்மையாகிவிடும். காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அளவு ஜாக்கெட்டுகள் போக ஆரம்பித்தது மூன்றாம் நாளிலிருந்து. முதலில் வந்தது இன்ஜினியர் சாரின் மனைவி.

"மோளே, அந்த அளவு ப்ளவுஸ் ஒண்ணு தருமோ? ஒரு கல்யாணம் உண்டு. அது போட்டாத்தான் எனக்கு சுகம்."

"உங்களுக்குப் புதுசு ரெண்டு தச்சு வச்சிருக்கேனே சேச்சி."

"அதும் தா. இதும் தா."

அடுத்து ஒரு அம்மா வந்து, உடம்பு மெலிந்துவிட்டது, பழைய அளவு இனிச் சேராது என்று சொன்னாள். சொல்லிவிட்டு வாசற்படி இறங்க என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவு பாரம். அவள் போனதும் நாங்கள் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அந்த மாதத்தில் சிரித்தது அந்த ஒரு தடவைதான். ஒரு வீட்டிலிருந்து வீட்டுக்காரரே வந்தார். என்னைப்போல வாய் வராத ஆள். வாசலுக்கு வெளியே நின்று, "அந்த ஒண்ணு... அவ கேட்டா... இங்க இருக்குமாம்..." என்றார். நான் உள்ளே போய்க் கவரை எடுத்துக்கொண்டுவந்து கொடுத்தேன். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

யாரும் தேர்தல் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லோருக்கும் ஒரு கல்யாணம், ஒரு கோயில், ஒரு உடம்பு. கீழ்த்தட்டு காலியாகிக்கொண்டே வந்தது. அவள் ஒவ்வொரு கவரும் போனதும் மீதியை நகர்த்தி ஒழுங்காக அடுக்குவாள். அந்த ஆறு வீட்டுக் கவர்கள் மட்டும் அசையவில்லை.

"பாத்தியளா, அவங்க யாரும் கேக்கல்ல" என்பாள். "அவங்களுக்கு என் மேல ஒண்ணும் இல்ல. துக்கத்துல வர மனசு வந்திருக்காது. வரணும்னு நாம கட்டாயமா சொன்னோம்? இஷ்டம்னா வாங்கன்னுதானே சொன்னோம்."

சொன்னோம். அந்த வார்த்தை வரும்போதெல்லாம் நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவேன்.

பெரியவர் இறந்த பன்னிரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தைத்த ஒரு துணியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நான் செருப்பு மாட்டாமலே சொன்னேன்.

"நான் அன்னைக்குச் சொல்லல்ல."

"எதை?"

"பெட்டி வெளிய வரும்னு. அந்த வீட்டுல. சொல்ல வாய் வரல்ல."

நூல் பிரிக்கிற ஊசியை மேஜையில் வைத்தாள்.

"சொன்னியளான்னு கேட்டதுக்கு ம்னு சொன்னியளே."

"ம்னுதான் சொன்னேன்."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சோறு போட்டாள், துணி மடித்தாள், இரண்டு நாள் ஒரு வார்த்தை கிடையாது. செவ்வாய்க்கிழமை ராத்திரி விளக்கை அணைத்த பிறகு சொன்னாள்.

"அந்த மழையில பத்து நிமிஷம் பக்கத்துல நின்னியளே."

"ஆமா."

"ஊர்ல எவ என்ன சொன்னாலும் சொல்லட்டும். அந்த வீட்டுக்காரங்க மட்டும் நான் அவங்கள ஒரு மனுஷனா மதிச்சுக் கூப்பிடல்லன்னு நினைச்சிரக் கூடாது. அடியந்திரம் கழிஞ்ச பிறகு போயி உள்ளதைச் சொல்லுங்கோ."

அடியந்திரச் சாப்பாட்டுக்கு எங்களுக்கும் சொல்லியிருந்தார்கள். போனோம். அந்த வீட்டு மருமகள் என் மனைவியின் இலையில் இரண்டாம் தடவை பாயசம் விட்டாள். "நல்லா சாப்பிடு, மெலிஞ்சு போயிட்டே" என்றாள். திரும்பி வரும்போது என் மனைவியின் நடையே மாறியிருந்தது. தேர்தலுக்குப் பிறகு நான் பார்க்காத நடை.

"இனிச் சொல்லணுமா? அவங்க மனசுல ஒண்ணும் இல்லியே" என்று கேட்டேன்.

"சொல்லணும். பாயசம் விடும்போது அவ முகத்தைப் பாக்க எனக்குக் கூச்சமா இருந்தது. மனசுல வச்சுக்கிட்டு இருக்க முடியாது."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனேன். இந்தத் தடவை கிளம்பும்வரை காத்திருக்கக் கூடாது என்று முடிவோடு போனேன். மூத்த மகன் முற்றத்தில், வாடகை நாற்காலிகளைத் திருப்பி அனுப்ப அடுக்கிக்கொண்டிருந்தார். தலையில் முடி முளைக்க ஆரம்பித்திருந்தது. மருமகள் நிலைப்படியில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னார். உட்காராமலே சொல்லிவிட்டேன். பெட்டி வாசலுக்கு வந்தது, என் மனைவி ஏற்பாடு செய்தது, அதைச் சொல்லத்தான் அன்றைக்கு என்னை அனுப்பினாள், எனக்கு வாய் வரவில்லை, தப்பு என்னுடையது, அவள் மேல் ஒன்றும் நினைக்க வேண்டாம். என் வாழ்க்கையில் நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை.

அவர் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தார்.

"அப்போ அன்னைக்கு நீரு துட்டி கேக்க வரல்ல?"

"அதுக்கும்தான் வந்தேன்."

"அதுக்கும்தானா?"

முறத்தின் சத்தம் நின்றுவிட்டது.

"அப்பாவ எரிச்சு நாலு நாளு ஆகல்ல அண்ணாச்சி. ஊர்ல ஒருத்தன் சொன்னான், உங்க வீட்டுல இருந்து ஓட்டுக்கு ஆளு வந்ததுன்னு. நான் அவன் கிட்ட சண்டை போட்டேன். அப்படி ஒருத்தரும் வரல்ல, அந்தப் பிள்ளை அப்படி அனுப்புறவ இல்லன்னு சத்தியம் பண்ணாத குறையா சொன்னேன்."

"நான் கேக்கல்லியே" என்றேன். "ஒரு வார்த்தை கேக்கல்ல."

"கேக்கத்தானே வந்தீரு."

நான் மருமகளைப் பார்த்தேன். அவள் முறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லியிருந்தா வந்திருப்போமா இல்லியான்னு எனக்குத் தெரியாது" என்றார் அவர். "அதெல்லாம் போகட்டும். கழிஞ்சது கழிஞ்சது." மறுபடியும் நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தார். நான் ஒரு கை பிடித்தேன். வேண்டாம் என்றார்.

தீட்டு கழிந்துவிட்டது, இனி சொல்லலாம் என்பதால் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "வாறேன்" என்றேன். மருமகள் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வீட்டில் அவள் மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள்.

"சொன்னியளா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"கழிஞ்சது கழிஞ்சதுன்னு சொன்னாங்க."

அது உண்மைதான். அவர் அந்த வார்த்தைகளைச் சொன்னார். அவள் ஒரு பெரிய மூச்சு விட்டாள். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு, கீழ்த்தட்டில் இருந்த ஆறு கவர்களையும் எடுத்து, துவைக்க வேண்டியது எது, கொக்கி மாற்ற வேண்டியது எது என்று பிரித்தாள். இரண்டுக்குப் புதுக் கொக்கி தைத்தாள். கார்த்திகைக்குள் அந்த வீடுகளிலிருந்து துணி வரும் என்றாள். நான் ஆமாம் என்றேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, நான் கடைக்குக் கிளம்பும் நேரத்தில், அந்த வீட்டு மருமகள் வந்து ஆறு வீட்டு அளவு ஜாக்கெட்டுகளையும் வாங்கிக்கொண்டு போனாள்.